ஒட்டுவதற்கு முன்

டுலூத் துறையில் ஏரி உறைந்துவிட்டது.
ஆயிரம் அடிக் கப்பலைக் கட்டிப்போட்டு
எஞ்சினை அணைத்து
எங்களையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று, மார்ச் கடைசி வரை.
யாரோ இறந்த வீட்டுச் சாமான் விற்பனையில்
பதினோரு டாலருக்கு நான் வாங்கிய பெட்டிக்குள்
ஒரு வீடு படுத்திருக்கிறது,
தட்டையாக, தாள் தாளாக.

மூடியில் அச்சிட்ட படத்தில்
மூன்று மாடி, ஒரு கோபுரம், சுற்றிலும் வராந்தா.
உள்ளே முப்பத்தொரு ஒட்டுப்பலகைத் தாள்கள்.
அச்சு வெட்டியது பாதி, வெட்டாமல் விட்டது பாதி.
அவசரப்பட்டால் நார் பிரியும், மூலை போகும்.
பின்பக்கம் கத்தியால் கோட்டைக் கீறிக்கொடுத்து
கட்டைவிரலால் மெல்ல,
அட்டையிலிருந்து மாத்திரையைத் தள்ளுவது போல.

அதற்கும் முன்னால் எண் போட வேண்டும்.
பிரித்துவிட்டால் ஜன்னல் சட்டமும் கதவுச் சட்டமும்
ஒரே சாடை.

பென்சிலோடு குனிந்தபோதுதான் பார்த்தேன்:
ஏற்கெனவே எண் போட்டிருக்கிறது.
ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு.
ஒன்பதாம் தாள் வரை எல்லா விளிம்பும் தேய்த்தாயிற்று.
பத்தாம் தாள் படிக்கட்டு.
ஏழாம் படி வழவழ.
எட்டாம் படியில் விரலில் சிலாம்பு ஏறுகிறது.
நடுவில் என்ன நடந்ததென்று
பலகை சொல்லவில்லை.
போன் அடித்திருக்கலாம்.
சூப் பொங்கியிருக்கலாம்.

எட்டிலிருந்து தொடங்கினேன்.

இரும்புக்கடையில் டெல்ஃபின் கேட்டாள்:
"இருநூற்றிருபது நம்பர் உப்புத்தாள் பத்தா? யாருக்கு, பேத்திக்கா?"
எனக்கு மகளே இல்லை.
கப்பலுக்கு, என்றேன்.
சில்லறையை இரண்டு முறை எண்ணித் தந்தாள்.

கப்பலில் நான் எண்ணெய் போடுகிறவன்.
அறுபதாயிரம் டன் இரும்புத் தாது நகர்வதைக்
காதால் மட்டும் அறிகிறவன்.
இதற்கும் காதுதான்.
சரசர என்றால் இன்னும் இருக்கிறது.
ஸ்ஸ் என்றால் நிறுத்து.
ஒரு தேய்ப்பு கூடினால்
நாக்கு துளையில் லொடலொடக்கும்; பிறகு எந்தப் பசையும் காப்பாற்றாது.

கூரை ஓடுகள் ஆயிரத்து இருநூறு.
நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தேவதாரு.
பழைய காலுறையில் கட்டி
நூடுல்ஸ் பானையில் பழுப்புச் சாயத்தில் முக்கி
செய்தித்தாள் விரித்து உலர்த்தினேன்
மேசையில், தரையில், பிறகு கட்டிலில்.
நான்கு இரவு சோபாவில் தூங்கினேன்.
பக்கத்து வீட்டு டொய்வோ எட்டிப் பார்த்துவிட்டு
"வாடகை வாங்குகிறாயா அதுகளிடம்?" என்றான்.

பிப்ரவரியில் இருபத்தாறாம் தாள்.
மேல்மாடி அறையின் தரை. திருப்பினால்
அதே பென்சில்:
இந்த அறைக்கு இப்போது வண்ணம் வேண்டாம்,
இங்காவைக் கேட்க வேண்டும்.

விற்பனை நடத்தியவர்களுக்குப் போன் செய்தேன்.
அவர்களுக்கு நாற்காலிகள் நினைவிருந்தது, பெயர்கள் இல்லை.
"மஞ்சள் அடித்துவிடு, யார் வந்து கேட்கப் போகிறார்கள்" என்றான் டொய்வோ.
மற்றச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளைப் பூச்சு கொடுத்தேன், இரண்டு கை.
அதை மட்டும் பச்சை மரமாக விட்டேன்.

ஓர் இரவு பசையில்லாமல்
காகித நாடாவால் மட்டும் நிறுத்திப் பார்த்தேன்.
நின்றது.
நாற்பத்தொன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது.
கோபுரம் இடப்பக்கம் சாய்ந்தது, குடித்தவன் மாதிரி.
உள்ளே டார்ச்சை வைத்து
சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
காலையில் நாடாவைப் பிரித்தேன், வந்த வரிசையிலேயே திரும்ப.

பனி உடைக்கும் படகு துறைக்குள் வந்துவிட்டது.
கம்பெனியிலிருந்து அழைப்பு: திங்கள், காலை ஆறு.
கீழ்த்தளம் ஓர் உறையில், கூரை ஓர் உறையில்,
படிகள் ரப்பர் பட்டையில்.
மூடியின் உட்புறத்தில் எழுதினேன்:
பத்தாம் தாள், எட்டாம் படியிலிருந்து ஆர்னே.
இங்காவை இன்னும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், ஏரி நடுவில்,
எஞ்சின் அறைப் பதிவேட்டைப் புரட்டிய பொறியாளர்
"இது என்ன எழுத்து?" என்றார்.
குனிந்து பார்த்தேன்.
ஏழு, என்றேன்.